உள்நாட்டு ஆளுநர்

ஒரு விடுமுறை நாள் காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு இன்ஜினியர் சபதம் செய்தார்.

"இந்தத் தடவை ஆட்டத்தை முடிக்காம விட மாட்டேன்!"

சபதத்தில் பாதி கண்ணாடியில் தெறித்தது.

"முதல்ல வாயைக் கொப்புளிங்க. அப்புறம் சபதம் போடலாம்" என்றார் டீச்சர், கையில் துடைக்கிற துணியோடு.

இன்ஜினியர் என்றால் லிஃப்ட் இன்ஜினியர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் பாதி, அவரை நம்பித்தான் உயரமாக இருந்தன. எந்த லிஃப்ட் எந்த மாடியில் மூச்சு வாங்கும், எதன் கதவு மழை நாளில் முனகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரிய பெரிய முதலாளிகள்கூட அவர் கை வைத்தால்தான் மேலே போக முடியும். அந்தப் பெருமை அவருக்கு உடம்பெல்லாம் உண்டு. ஆனால் வெளியே ஊரையே ஏற்றி இறக்குகிறவர், வீட்டு வாசலைத் தாண்டியதும் தானாகவே ஒரு மாடி இறங்கிவிடுவார். உள்ளே டீச்சர் இருந்தார்.

டீச்சர் அவர் மனைவி. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதை விட்டு வெகு காலம் ஆகிறது. இப்போது பாடம் நடத்துகிறவர்களை நடத்துகிறார். இன்றைக்கு யாருக்குத் தலைவலி, யாருடைய தலைவலி நிஜம், எந்த இரண்டு பேரை ஒரே அறையில் உட்கார வைத்தால் மதியத்துக்குள் கைகலப்பு வரும், எல்லாம் அவருடைய விரல் நுனியில்.

இந்த வீட்டில் ஒரு சின்ன அறை இருந்தது. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் கேட்காது. உள்ளே இன்ஜினியருடைய சுழல் நாற்காலி, இரண்டு பெரிய திரைகள், காதுக்கு மாட்டுகிற கருவி, ஜன்னலை மூடிய கறுப்புத் திரைச்சீலை. அதற்கு அவர் வைத்த பெயர் 'கட்டளை மாடம்'. டீச்சர் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுத முடியாது.

அந்த மாடத்தில் உட்கார்ந்துதான் அவர் 'ஆயிரம் சூரியன்' ஆடுவார். அது கணினியில் ஆடுகிற விண்வெளி ஆட்டம். ஆளுக்கு ஒரு கிரகமும் ஒரு கப்பலும் கொடுத்து இருட்டுக்குள் தள்ளிவிடுவார்கள். அதிலிருந்து கிரகம் கிரகமாகப் பிடித்து சாம்ராஜ்யம் கட்ட வேண்டும். மொத்த நட்சத்திரங்களில் பாதிக்கு மேல் யார் குடையின் கீழ் வருகிறதோ அவருக்கே வெற்றி. ஒரு ஆட்டம் மாதக் கணக்கில் ஓடும். எதிர்வீட்டுப் பல் டாக்டரும் அதே ஆட்டத்தை ஆடுகிறவர்தான். இருவரும் ஒரே விண்வெளியில் எதிரெதிர் மூலையில் குடியிருந்து கொண்டு, வாரக் கடைசியில் ஒருவரை ஒருவர் அழிக்கப் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் செய்தித்தாள் கடன் வாங்கிக்கொள்வார்கள்.

அந்தப் பல் டாக்டர்தான் முந்தின நாள் மாடிப்படியில் வைத்துக் கேட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதுவரைக்கும் ஒரு ஆட்டத்தையாவது கடைசிவரைக்கும் ஆடியிருக்கீங்களா?"

பிறரை வாயைத் திறக்க வைப்பது அவர் தொழில். அன்றைக்கு இன்ஜினியருக்கு வாயே திறக்கவில்லை. ஏனென்றால் ஆடியதில்லை.

ஆரம்பத்தில் அவரைப் பிடிக்க ஆளே கிடையாது. புதுக் கிரகம், புது இனம், புதுக் கப்பல் என்று புலி மாதிரிப் பாய்வார். கடைசியில் வரும் பெரும் போரிலும் கலக்குவார் என்று அவரே சொல்லிக்கொள்வார். நடுவில் வருவதுதான் பிரச்சனை. கையில் ஏகப்பட்ட கிரகங்கள் சேர்ந்திருக்கும். போரிட அக்கம்பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒவ்வொரு கிரகமும் மணி அடித்து ஏதாவது கேட்கும். ஒன்றுக்குத் தண்ணீர் வேண்டும். ஒன்றுக்குத் தொழிற்சாலை வேண்டும். ஒன்று காரணமே இல்லாமல் முணுமுணுக்கும். பொத்தானை அமுக்கு, அமுக்கு, அமுக்கு. போர் இருந்தால் போர் அடிக்காது. போர் இல்லாவிட்டால் ஒரே போர்தான். இந்த இடத்தில் இன்ஜினியர் கொட்டாவி விடுவார், சாம்ராஜ்யத்தைக் கைகழுவுவார், புது ஆட்டம் தொடங்குவார். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டை வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவர் அப்படியே விட்டு வந்ததில்லை. சாம்ராஜ்யங்களை விட்டு வந்ததற்குக் கணக்கே இல்லை.

"முடிச்சுக் காட்டறேன்" என்றார் இப்போது, வாயைக் கொப்புளித்துவிட்டு. "டாக்டர் முகத்துல கரியைப் பூசறேன்."

"முடிக்கலேன்னா?"

"அந்தப் பேச்சுக்கே இடமில்ல."

"அப்படின்னா பந்தயம் கட்டறதுல பயமில்லையே? முடிக்கலேன்னா அந்த ரூமை எனக்குக் குடுத்துடணும்."

இன்ஜினியர் துண்டை முகத்திலிருந்து எடுத்தார். "உனக்கு எதுக்கு ரூம்? அதுல என்ன பண்ணப் போறே?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என் காதுல யாராவது பேசிக்கிட்டே இருக்காங்க. வீட்டுக்கு வந்தா நீங்க பேசறீங்க. கதவைச் சாத்திக்கிட்டு, ஒண்ணுமே பண்ணாம, கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும். அவ்வளவுதான்."

சும்மா உட்கார ஓர் அறையா! இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. அதனால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"நான் முடிச்சுட்டேன்னா?"

"அந்த ரூம் பேச்சையே எடுக்க மாட்டேன்."

கை குலுக்கிக்கொண்டார்கள். டீச்சர் கையில் துடைக்கிற துணி இருந்ததை இன்ஜினியர் கவனிக்கவில்லை. ஒப்பந்தம் கொஞ்சம் ஈரமாகவே நிறைவேறியது.

புது ஆட்டம் தொடங்கியது. ஆரம்பம், எப்போதும் போல, அமர்க்களம். வந்த வேகத்தில் இன்ஜினியர் பக்கத்து நட்சத்திரங்களை அள்ளிக் கட்டினார். ஒரு பனிக் கிரகம், ஒரு சேற்றுக் கிரகம், வளையம் போட்ட கிரகங்கள், வளையம் தொலைத்த கிரகங்கள். அலுவலகத்தில் சாப்பிடும்போது சக ஊழியர்களுக்குப் போர்ச் செய்தி வாசித்தார். அவர்களும் கேட்டார்கள். ஒரே மேஜை, எழுந்து போக வழி இல்லை.

அப்புறம் நடு ஆட்டம் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் டீ கொண்டுபோனபோது சக்கரவர்த்தி நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் கிரகங்கள் மணி மேல் மணி அடித்துக்கொண்டிருந்தன. சுட்டி 'புதிய ஆட்டம்' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது.

"என்னங்க, ரூமை எப்ப காலி பண்றீங்க?"

இன்ஜினியர் துள்ளி எழுந்தார். "யார் சொன்னது? யோசனையில இருந்தேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா?"

"ஆழ்ந்த யோசனை."

டீச்சர் போய்விட்டார். இன்ஜினியர் நிஜமாகவே யோசித்தார். அப்போதுதான் அந்தத் திட்டம் உதித்தது. இந்த ஆட்டத்தில் ஒரு வசதி இருந்தது. சக்கரவர்த்தி தன் கிரகங்களை இன்னொருவர் பொறுப்பில் விடலாம். அவர் வேறு கணினியிலிருந்து உள்நாட்டைப் பார்த்துக்கொள்வார், சக்கரவர்த்தி எல்லையில் போர் செய்யலாம். இவ்வளவு நாளும் அவர் அந்த வசதியைத் தொட்டதில்லை. பொறுப்பில் விட ஆள் வேண்டுமே! இப்போது வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள். அவர் தோற்றால் யாருக்கு லாபமோ, அவள் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிட்டால்? ரூமைக் கேட்கிறவளைக் கொண்டே ரூமைக் காப்பாற்றிக்கொண்டால்? தன் மூளையை நினைத்துத் தனக்கே புல்லரித்தது அவருக்கு.

டீயை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனார். டீச்சர், வாத்தியார்கள் திருத்திய விடைத்தாள்களைச் சரிபார்க்க மேஜை முழுவதும் பரப்பி வைத்திருந்தார்.

"டீ இன்னிக்குப் பிரமாதம்."

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். உன்னை மாதிரி ஒரு நிர்வாகியை நான் பாத்ததே இல்ல. அதைச் சொல்லணும்னு தோணுச்சு. நாட்டையே ஆளவேண்டியவ நீ. பள்ளிக்கூடத்துக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க."

"சுத்தி வளைக்காம சொல்லுங்க."

சொன்னார். உள்நாட்டு ஆளுநர் என்று ஒரு பதவி காலியாக இருப்பதாகவும், அதற்கு எத்தனையோ பேர் போட்டி போட்டதாகவும், ஆனாலும் தன் மனசில் ஒரே ஒருவர்தான் இருப்பதாகவும் சொன்னார்.

"போட்டி போட்டது யாரு?"

"அதெல்லாம் ராஜாங்க ரகசியம்."

டீச்சர் விடைத்தாள்களை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு, "நாப்பது வாத்தியாரை மேய்க்கிறேன். கிரகம் எம்மாத்திரம்? குடுங்க" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று இன்ஜினியர் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராத வெற்றி தலைக்கு ஏறியது. நேரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"டாக்டர்! கவலையே இல்ல. உள்நாட்டை வீட்டுல குடுத்துட்டேன்."

பல் டாக்டர் சிரித்தார். சுத்தமான பல்வரிசை. "நாட்டை அம்மா கையில குடுத்துட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க, சார்?"

"உங்க நாட்டைப் பிடிக்கப் போறேன்!"

அன்றிலிருந்து டீச்சர், விடைத்தாளுக்குப் பக்கத்தில் பழைய மடிக்கணினி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டார். முதல் நாளே கட்டளை மாடத்துக்கு விசாரணை வந்தது.

"இந்தப் பனிக் கிரகம் ஏன் இப்படி அழுதுக்கிட்டே இருக்கு?"

"வரி போட்டேன்."

"எதுக்கு?"

"கப்பல் கட்டத்தான்."

"அதுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கிரகத்துகிட்ட யாராவது கேப்பாங்களா? அது ஒரு கல்லு!"

"கல்லுக்கு எதுக்கு வரி?" என்று கேட்டுவிட்டு டீச்சர் வரியைப் பாதியாகக் குறைத்தார். அழுகை நின்றது.

எண்களால் குறிக்கப்பட்டிருந்த கிரகங்களுக்கு அவர் பெயர் வைத்தார். பனிக் கிரகம் 'அழுமூஞ்சி'. எப்போதும் உற்பத்தி குறைவாக இருந்தது 'தூங்குமூஞ்சி'. ஓயாமல் மணி அடித்தது 'வாயாடி'. வாயாடிக்குப் பக்கத்துக் கிரகங்களோடு வியாபாரம் பேசுகிற வேலையைக் கொடுத்தார், வாய் நல்ல வழிக்குத் திரும்பியது. தூங்குமூஞ்சிக்கு மேல் மூன்று தொழிற்சாலைகளை இன்ஜினியர் அடுக்கி வைத்திருந்தார். டீச்சர் இரண்டை எடுத்தார், ஒரு பூங்கா வைத்தார். தூங்குமூஞ்சி எழுந்து உட்கார்ந்தது. பிறகு அடுத்த கிரகத்தைவிட அதிகமாக வேலை செய்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கைகால் கழுவுவாரோ இல்லையோ, மடிக்கணினியைத் திறந்துவிடுவார்.

"எங்கேயும் போயிடாதீங்க, வந்துட்டேன்" என்று அதனிடம் சொல்வார். தன்னிடம் சொல்வதாக நினைத்து இன்ஜினியர் சிலசமயம் பதில் சொல்வார்.

இன்ஜினியருக்குக் கொண்டாட்டம். கேட்டபோதெல்லாம் எரிபொருள் வந்தது. கேட்காமலே கப்பல்கள் வந்தன. படை பெருத்தது. பல் டாக்டரின் எல்லைக் கிரகங்கள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தன, ஆடுகிற பல் மாதிரி. அலுவலகத்தில், "என் நாட்டில் வறுமையே இல்லை" என்று பேச ஆரம்பித்தார். எப்படி ஒழித்தார் என்று யாரோ கேட்டபோது, "தலைமை" என்று ஒரே சொல்லில் முடித்தார்.

டீச்சர் மட்டும் அவ்வப்போது கூப்பிடுவார்.

"ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்களேன். அழுமூஞ்சியில முதல் தடவையா பயிர் வந்திருக்கு."

"நீயே பாத்துக்கோ. நான் எல்லையில இருக்கேன்."

எல்லை என்பது சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு சுவர் தள்ளி இருந்தது.

இப்படி இருக்கையில் ஆட்டத்துக்குப் புது அப்டேட் வந்தது. ஆயிரம் சூரியனைச் செய்தவர்கள் விற்றோமா, போனோமா என்று இருக்கிறவர்கள் அல்ல. சில மாதங்களுக்கு ஒரு தடவை எதையாவது மாற்றுவார்கள், கூட்டுவார்கள், திருத்துவார்கள். ஆடுகிறவர்கள் எழுதுகிற குறைகளைப் படிக்கிறவர்கள். இன்ஜினியரும் ஒரு காலத்தில், 'உங்கள் ஆட்டத்தின் நடுப் பகுதியில் உயிரே இல்லை' என்று காரசாரமாக எழுதிப் போட்டிருந்தார். அவரைப் போலவே ஊருலகத்தில் பல பேர் எழுதியிருக்க வேண்டும். இந்த அப்டேட்டின் தலைப்பே 'நடு ஆட்டம்'.

"பாத்தியா! நான் எழுதினேன், உலகமே மாறுது!" என்று வீட்டுக்குள் கொடி கட்டிப் பறந்தார் இன்ஜினியர்.

"என்ன மாறுதுன்னு படிச்சீங்களா?"

"மாத்தச் சொன்னவனே நான். எனக்குத் தெரியாததா?"

டீச்சர் படித்தார். வாய்விட்டே படித்தார். இன்ஜினியர் அந்த நேரத்தில் காதுக் கருவியின் பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே ஒவ்வொரு கிரகத்துக்கும் ஓட்டு உண்டாம்."

"ம்."

"எல்லாம் சேந்து அவை கூட்டுமாம். சக்கரவர்த்தி ரொம்ப நாளா எட்டிப் பாக்கலேன்னா மதிப்பு குறைஞ்சுடுமாம்."

"ம்ம்."

"வேற யாரையாவது தலைமைக்குத் தேர்ந்தெடுத்துக்கிட்டுப் பிரிஞ்சே போயிடலாமாம். காதுல விழுதா?"

"விழுது, விழுது. ஓட்டு. அவை. நல்ல விஷயம்தானே."

"ஒரு தடவை எல்லாக் கிரகத்தையும் சுத்திப் பாத்துட்டு வந்துடுங்க. நான் சொல்லிட்டேன்."

"சக்கரவர்த்திக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லி, சுத்தமான காதுக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு டீச்சர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. டீச்சர் மடிக்கணினிக்குத் திரும்பினார்.

கடைசிப் போர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. இரண்டு வீட்டுக் கதவுகளும் திறந்திருந்தன. பல் டாக்டர் தன் வீட்டுக் கூடத்திலிருந்து கத்தினால் கட்டளை மாடத்தில் கேட்கும். டீச்சர் வழக்கம்போல சாப்பாட்டு மேஜையில். இன்ஜினியரின் படை பல் டாக்டரின் தலைநகரைச் சுற்றி வளைத்துவிட்டது.

"டாக்டர்! வாயை நல்லாத் திறங்க! வலிக்காம பிடுங்கறேன்!"

"சார், கொஞ்சம் இரக்கம் காட்டுங்க! பத்து வருஷப் பழக்கம்!"

"போர்ல என்ன பழக்கம்!"

இன்ஜினியருக்கு நெஞ்சு விம்மியது. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு ஆட்டத்தின் முடிவை எட்டிப் பார்க்கிறார். இன்னும் ஒரே ஒரு பாய்ச்சல். தலைநகர் விழும். கூடவே பாதிக்கு மேல் நட்சத்திரங்கள் கைக்கு வரும். பாய்ச்சலுக்குக் கொஞ்சம் எரிபொருள் வேண்டும். கோரிக்கை அனுப்பினார். திரையில் பதில் வந்தது.

'தங்கள் கோரிக்கை அவையின் பரிசீலனையில் உள்ளது.'

இன்ஜினியர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"எரிபொருள் எங்கே?"

"அவையில கேட்டிருக்கு. பொறுங்க."

"எந்த அவை?"

"கிரகங்களோட அவை. அன்னிக்கே படிச்சுக் காட்டினேனே."

"பரிசீலனையாம், பரிசீலனை! நான் சக்கரவர்த்தி!"

"அதனாலதான் பரிசீலிக்கிறாங்க. வேற யாராவதா இருந்தா அப்பவே தள்ளுபடி."

பல் டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டார். எதிர்வீட்டில் அரசியல் நெருக்கடி. அவர் கப்பல்களின் துப்பாக்கிச் சத்தம் குறைந்தது.

"இப்ப என்னதான் வேணுமாம் அதுங்களுக்கு?" என்று பல்லைக் கடித்தார் இன்ஜினியர்.

"ஒண்ணுமில்ல. ஒரு தடவை வந்து பாக்கணுமாம். அழுமூஞ்சிக்காவது இப்ப வாங்க. நீங்க வந்துட்டீங்கன்னா பிரிஞ்சு போற ஓட்டெடுப்பைத் தள்ளி வெச்சுடுவேன். என் கையில இருக்கு."

"வெற்றி வாசல்ல நிக்கும்போது சக்கரவர்த்தி அழுமூஞ்சிக்கு வர்றதா?"

"வர மாட்டீங்களா?"

"மாட்டேன்! எரிபொருளை அனுப்பச் சொல்லு! இது கட்டளை!"

சாப்பாட்டு அறையிலிருந்து டீச்சரின் பள்ளிக்கூடக் குரல் கேட்டது. நிதானமான குரல். அந்தக் குரலுக்கு நாற்பது வாத்தியார்களும் எழுந்து நிற்பார்கள்.

"சரி. ஓட்டுக்கு விடறேன்."

கிரகங்கள் ஓட்டுப் போட்டன. வாயாடி முதலில் போட்டது. தூங்குமூஞ்சிகூடத் தாமதிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து சக்கரவர்த்தியிடமிருந்து பிரிந்து, உள்நாட்டு ஒன்றியம் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆளுநரையே தலைவியாகத் தேர்ந்தெடுத்தன. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. இன்ஜினியரின் திரையில் அவருடைய நாட்டின் பச்சை நிறம் ஒவ்வொரு நட்சத்திரமாக அணைந்து மஞ்சளானது. கடைசியில் மிச்சமிருந்தது அவர் படை மட்டும். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லை, ஒரு சொட்டு எரிபொருள் இல்லை. எதிரியின் கோட்டை வாசலில் நின்றுகொண்டே, வீட்டிலிருந்த கோட்டையைக் கோட்டை விட்டிருந்தார்.

"டாக்டர்! இது செல்லாது! கணினியில ஏதோ கோளாறு!"

பல் டாக்டர் சாப்பாட்டு அறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"டீச்சர்! டீச்சரம்மா! உங்க ஒன்றியத்துல எனக்கு ஒரு இடம் கிடைக்குமா? எல்லாக் கிரகத்தோடயும் வந்துடறேன். இந்தப் படையை மட்டும் என் வாசல்லேருந்து நகத்தச் சொல்லுங்க!"

"தாராளமா வாங்க. ஆனா எங்க நாட்டுல வரி கம்மி, வம்பும் கம்மி. சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்!"

"டாக்டர்! உங்களுக்கு மானம் இல்லையா?" என்று அலறினார் இன்ஜினியர்.

"பத்து வருஷப் பழக்கம்னு சொன்னேன், நீங்கதான் கேக்கல" என்று பதில் வந்தது.

பல் டாக்டரின் நட்சத்திரங்களும் மஞ்சளாயின. பாதியைத் தாண்டியது. மூன்று கணினிகளிலும் ஒரே நேரத்தில் எக்காளம் முழங்கியது. ஆட்டம் முடிந்தது. வெற்றி: உள்நாட்டு ஒன்றியம்.

பல் டாக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்து டீச்சருக்குக் கை கொடுத்தார். இன்ஜினியர் கட்டளை மாடத்திலிருந்து மெல்ல வெளியே வந்தார். முகம் தொங்கியிருந்தாலும் கண்ணில் ஒரு பொறி மிச்சம் இருந்தது.

"சரி, டாக்டரே நீதி சொல்லட்டும். ஆட்டம் முடியணும்கறதுதானே பந்தயம்? முடிஞ்சுதா, இல்லையா?"

"முடிஞ்சுது" என்றார் பல் டாக்டர்.

"அப்ப ரூம் எனக்குத்தான்!"

"நீங்க ஆட்டத்தை முடிப்பேன்னு சொன்னீங்க. ஆட்டம்தான் உங்களை முடிச்சிருக்கு" என்றார் டீச்சர்.

பல் டாக்டர் தீர்ப்பே சொல்லவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்ஜினியர் பதில் தேடி மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே மடிக்கணினி திறந்திருந்தது. அதில் தெரிந்த உள்நாட்டை இத்தனை நாளில் அவர் பார்த்ததே இல்லை. குனிந்து பார்த்தார். பனிக் கிரகத்தில் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் பச்சை வயல்கள். தூங்குமூஞ்சியின் பூங்காவில் விளக்குகள். கிரகத்துக்குக் கிரகம் சின்னச் சின்னக் கப்பல்கள் எறும்பு வரிசை மாதிரிப் போய் வந்துகொண்டிருந்தன. ஒன்றில்கூட முணுமுணுப்பு இல்லை. அவர் கொட்டாவி விட்டுத் தூங்கிய இடத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது!

"இதெல்லாம் என்னோட நாடா?" என்றார், குரல் இறங்கி.

"என்னோடது" என்றார் டீச்சர். பிறகு, கொஞ்சம் இறங்கி வந்து, "கப்பலெல்லாம் உங்களோடது. நல்லாத்தான் சண்டை போட்டீங்க" என்றார்.

இன்ஜினியர் நிமிர்ந்தார். தோல்விக் களை எங்கேயோ போய்விட்டது. பல் டாக்டர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தீங்களா டாக்டர்? ஒரே ஓட்டெடுப்புல ரெண்டு சாம்ராஜ்யம்! யார் பொண்டாட்டி!"

அடுத்த நாளே சுழல் நாற்காலியையும் திரைகளையும் தானே தூக்கி வந்து கூடத்து மூலையில் போட்டார். கறுப்புத் திரைச்சீலையைக் கழற்றினார். அறைக்குள் இவ்வளவு வெளிச்சம் வரும் என்பது அவருக்கே தெரியாது. டீச்சர் ஒரு சாதாரண நாற்காலியை மட்டும் ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். கதவு சாத்தியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அலுவலகத்தில் சாப்பாட்டு மேஜையில் இப்போது வேறு செய்தி வாசிக்கப்பட்டது: உலகத்தில் எத்தனையோ பேர் ஆயிரம் சூரியன் ஆடுகிறார்கள், துப்பாக்கியே தூக்காமல் ஜெயித்தது தன் வீட்டில்தான். கேட்டவர்கள் இந்த முறை எழுந்து போகவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும்.

சனிக்கிழமை மத்தியானம் பல் டாக்டர் கணினியோடு வந்தார். புது ஆட்டம் போடலாம் என்றார். இன்ஜினியர் கூடத்து மூலையைத் தூசி தட்டினார்.

"அம்மாவையும் கூப்பிடுங்க சார். மூணு பேரா ஆடலாம். அவங்க இல்லாம எப்படி?"

இன்ஜினியருக்கு அதில் ஒரு பெருமை. சாத்திய கதவை, மேலதிகாரி அறைக் கதவைத் தட்டுவது போல, இரண்டு விரலால் தட்டினார்.

"டீச்சரம்மா! புது ஆட்டம் தொடங்கறோம். டாக்டர் ஆசைப்படறார். நீயும் வாயேன்."

கதவு ஒரு சாண் திறந்தது. சும்மா உட்கார்ந்து தெளிந்த முகம்.

"எனக்கு ஆரம்பமெல்லாம் ஒத்து வராது. நீங்க ரெண்டு பேரும் ஓடியாடி கிரகமெல்லாம் பிடிச்சு வையுங்க. கொட்டாவி வந்ததும் ஒரு குரல் குடுங்க, வந்து வாங்கிக்கறேன்."